சிறிமாவின் கவச வாகனங்களும் ஒப்பாரிக் கோச்சியும்

மொனராகலையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் புத்தலையைத் தாண்டி வெல்லவாயவில் தேநீருக்கு நிற்கும். சிறு வயதில் அந்த இடம் வந்தால் என் அம்மாயி சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். 1971 சித்திரையில் பொலிஸ் ஸ்டேஷனை அடித்த ஊர் இது என்பார். பிறகு ஆமிக்காரரின் லொறிகள் வரிசையாக வந்ததையும், லயத்தில் இரவில் விளக்கேற்றாமல் படுத்துக் கிடந்ததையும் சொல்வார். ஆமியை அனுப்பியது யார் என்று கேட்டால் ஒரே பெயர்தான் வரும்: சிறிமா. அரிசி கிடைக்காமல் போனதற்கும் அதே பெயர். தன் தம்பியைக் கோச்சியில் ஏற்றி அனுப்பியதற்கும் அதே பெயர்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது வேறொரு சிறிமாவைப் பாடப்புத்தகத்தில் சந்தித்தேன். உலகின் முதல் பெண் பிரதமர். வல்லரசுகளுக்கு நடுவே தலைநிமிர்ந்து நின்ற சிறிய நாட்டின் தலைவி. இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதற்கு உதவியது ஓர் எதிர்பாராத விடயம். இலங்கை இராணுவத்தின் வாகனங்களைப் பற்றி எழுதுவதற்காகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆறு சக்கரங்களும் 76 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்ட சலடின், நான்கு சக்கரச் சிறிய பெரட் ஆகிய இரண்டும் பிரித்தானியாவில் செய்யப்பட்டவை. அவற்றோடு ஒரே படையில் நின்ற பி.ரி.ஆர்-152 சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தது. லொறியின் அடிச்சட்டத்தில் இரும்புத் தகடு பொருத்திய, கூரையில்லாத துருப்புக்காவி அது. பனிப்போரின் இரண்டு பக்கத்து வாகனங்களும் ஒரே கொட்டிலில் நின்றிருக்கின்றன. அந்தக் கொட்டிலின் சொந்தக்காரி சிறிமாவோ பண்டாரநாயக்கா.

அவர் பிறந்தது இரத்தினபுரிப் பக்கம், 1916 ஏப்ரல் 17இல். எங்கள் மொனராகலை வீதியிலேயே மேற்கே போய்க்கொண்டிருந்தால் வரும் ஊர்தான். ரத்வத்தை என்ற கண்டிய நிலப்பிரபுக் குடும்பம். பௌத்தக் குடும்பத்துப் பிள்ளை படித்ததோ கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலையான சென் பிரிஜெட்டில். 1940இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவை மணம் முடித்தார். மகளிர் சமித்தி வேலைக்காகக் கிராமங்களுக்குப் போய்வந்தார் என்பதைத் தவிர, அடுத்த பத்தொன்பது வருடங்களும் அவர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்தவர்தான். 1959 செப்டெம்பரில் அவர்களது வீட்டிலேயே கணவரை ஒரு பௌத்த பிக்கு சுட்டார். அடுத்த நாள் அவர் உயிர் பிரிந்தது. பத்து மாதங்களில், 1960 ஜூலை 21இல், மனைவி பிரதமரானார். அப்போது அவர் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்கூட அல்ல. செனற் சபை வழியாகத்தான் அந்தக் கதிரைக்கு வந்தார்.

வடக்கில் உள்ள மூத்தவர்களுக்கு அடுத்த வருடத்தை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1961 ஜனவரி முதல் சிங்களம் மட்டும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர். நிர்வாகம் வாரக்கணக்கில் முடங்கியது. ஏப்ரலில் தனியாகத் தபால் முத்திரையும் வெளியிட்டனர். ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டம் வந்தது, கூடவே இராணுவமும் வந்தது. வீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதே வருடம் செப்டெம்பரில், அணிசேரா நாடுகளின் முதல் மாநாட்டுக்காக சிறிமா பெல்கிரேட் போயிருந்தார். நேரு, நாசர், டிட்டோ, சுகர்ணோ போன்றவர்களின் நடுவே வெள்ளைச் சேலையில் ஒரு பெண். உலகத்தைப் படைமுகாம்களாகப் பிரிக்கவேண்டாம் என்பதுதான் அந்த மாநாட்டின் பேச்சு.

ஆனால் அந்த இராணுவம் அவருடையதாக இன்னும் ஆகியிருக்கவில்லை. 1962 ஜனவரி 27 இரவு, உயர் படை அதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் சேர்ந்து அவரது ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தனர். கடைசி நேரத்தில் தகவல் கசிந்து திட்டம் பிசகியது. சதிகாரர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்கள்: சிங்களவர், பறங்கியர், தமிழர். அதன் பிறகு மேல்நிலைப் பதவிகளிலும் ஆட்சேர்ப்பிலும் படை மெல்ல மெல்லச் சிங்கள பௌத்தமானது. பிற்காலத்தில் நாம் கண்ட இராணுவத்தின் தொடக்கத்தை நான் அந்த இரவிலேயே தேடுவேன். படைக்குப் பயந்த ஒரு தலைவி, படையைத் தன் இனத்துக்குள் அடைத்துக்கொண்டார்.

1964க்கு வருவோம். எங்கள் குடும்பம் உடைந்தது இந்த வருடத்தில்தான். ஒக்டோபர் 30இல் டில்லியில் சிறிமாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களாகவும் அவர்களது பிள்ளைகளாகவும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், இந்திரா காந்தியோடு உட்கார்ந்து அவர்களையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார். இரண்டு தடவையும் தோட்ட மக்களின் பிரதிநிதி எவரும் கையொப்பமிடவில்லை. ஆட்டுப்பட்டியில் எண்ணுவதுகூட ஆட்டைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள்.

மொனராகலைக்குக் கோச்சி இல்லை. இறப்பர்த் தோட்டத்திலிருந்து பெட்டியும் பாயுமாக பஸ் பிடித்து, பசறை வழியாக மலையேறி, பதுளை ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல். அந்தக் கோச்சிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். போகிறவரும் வழியனுப்புகிறவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, செத்த வீட்டில்போல அழுதார்கள். அம்மாயியின் தம்பி கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் விழுந்தார். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. போர் வாகனம் என்ற சொல்லைக் கேட்டால் உங்களுக்கு டாங்கி நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் மனிதரைக் கொண்டுபோன வாகனம் என்றால் அது கோச்சிதான், அதற்குப் பீரங்கி தேவைப்படவில்லை.

1965 தேர்தலில் தோற்ற சிறிமா, 1970இல் இடதுசாரிகளைச் சேர்த்துக்கொண்டு பெருவெற்றியோடு திரும்பினார். அவரை மேடையேற்றிய சிங்கள இளைஞர்களில் பலர் ஒரு வருடத்துக்குள் அவருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். ஜே.வி.பி.யின் திட்டப்படி 1971 ஏப்ரல் 5 இரவில் நாடு முழுவதும் பொலிஸ் நிலையங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்படவேண்டும். நேரம் பற்றிய குழப்பத்தால் வெல்லவாய மட்டும் அன்று அதிகாலையிலேயே தாக்கப்பட்டது. அரசாங்கம் விழித்துக்கொண்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்த அந்தத் தவறுதான் அவரது ஆட்சியைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது மிகையாகத் தோன்றவில்லை.

அணிசேராமையின் முழுப் பலனையும் அவர் அறுவடை செய்தது அந்த வாரங்களில்தான். இந்தியா ஹெலிகொப்டர்களும் போர்க்கப்பல்களும் அனுப்பியது. அதே வருடம் இந்தியாவோடு போருக்குப் போகவிருந்த பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பியது. பிரித்தானியா ஆயுதம் கொடுத்தது, அமெரிக்கா ஹெலிகொப்டர்களுக்கு உதவியது, மொஸ்கோ மிக்-17 விமானங்களைக் கொடுத்தது. பி.ரி.ஆர்-152 வாகனங்கள் வந்ததும் இந்தத் தருணத்தில்தான். சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒருவரோடொருவர் பேசாத நாடுகளெல்லாம் ஒரு காரியத்தில் ஒத்துப்போயின. அதுவரை அணிவகுப்புக்கும் வேலைநிறுத்தக் காவலுக்கும் பழகியிருந்த சிறிய படை, சில வாரங்களில் நிஜப் படையானது. அப்போதைய இராணுவத் தளபதி சேபால ஆட்டிகல கவச வாகனப் படைப்பிரிவிலிருந்து வந்தவர்தான். வெளியிலிருந்து ஓர் எதிரியும் இந்தத் தீவுக்கு வரவில்லை. வாகனங்களின் முன்பக்கம் உள்நாட்டைப் பார்த்தே திரும்பியது.

கொல்லப்பட்டோர் சுமார் 1,200 என்றது அரசு. அதைப் பல மடங்காகச் சொல்வோரும் உள்ளனர். கதிர்காமம் எங்கள் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே புதுவருட அழகுராணியாகத் தெரிவான பிரேமாவதி மனம்பேரி என்ற இளம் பெண்ணை இராணுவத்தினர் பிடித்து, துன்புறுத்தி, ஆடை களைந்து வீதியில் நடக்கவைத்துச் சுட்டார்கள். அந்த வழக்கில் இருவருக்கு நீதிமன்றம் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. இதைப் படிக்கும் பலருக்குச் செம்மணியும் கிருஷாந்தியும் நினைவுக்கு வரலாம். எனக்கும் வந்தது. சீருடை தமிழ்ப் பெண்ணிடம் நடந்துகொண்ட விதத்தை முதலில் ஒரு சிங்களப் பெண்ணிடம் பழகியிருக்கிறது. தென்னிலங்கையில் இதை மனம்விட்டுப் பேசுபவர்கள் குறைவு, எங்கள் பக்கத்திலும் குறைவுதான்.

கிளர்ச்சி அடங்கியபின் வந்தவை: 1972 குடியரசு யாப்பும் அதில் பௌத்தத்துக்கு முதன்மை இடமும், பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1974 ஜனவரி 10இல் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டில் போன உயிர்கள். இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. குறைவாக எழுதப்பட்டது பஞ்சம். இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. அங்கே சில முதிய விவசாயிகள் இன்றும் சிறிமா காலத்தை நல்ல காலம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அதே காலத்தில் பதுளை, மொனராகலைத் தோட்டங்களில் சொந்தமாக ஒரு முழம் நிலமும் இல்லாதவர்கள் பங்கீட்டு மாவை எண்ணி எண்ணிப் பிசைந்தார்கள். மரவள்ளியும் காட்டுக்கீரையும் சாப்பிட்டார்கள். 1974இல் தோட்டங்களில் சாவு எண்ணிக்கை சட்டென்று ஏறியது. 1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. துரை மாறினார், லயம் மாறவில்லை.

1976 ஓகஸ்ட். சீனா கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு. சிறிமா அதன் தலைவி. அவரது வாழ்க்கையின் உச்சம் அதுதான். மூன்று மாதங்களுக்கு முன்பு, மே 14இல், தமிழ்த் தலைவர்கள் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்திருந்தார்கள். உலகத்தின் சண்டைகளில் நடுவுநிலை நின்றவரால் வீட்டுக்குள் ஒருநாளும் அப்படி நிற்க முடியவில்லை. 1962இல் இந்தியாவும் சீனாவும் மோதியபோது ஐந்து நாடுகளைக் கொழும்புக்கு அழைத்துச் சமரசம் பேசியவர் அவர். யாழ்ப்பாணத்தோடு அப்படிப் பேச அவருக்குத் தோன்றவில்லை.

1977 தேர்தலில் அவரது கட்சிக்குக் கிடைத்தவை 8 ஆசனங்கள். 1980இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அவரது குடியியல் உரிமையைப் பறித்தார். உரிமை பறிக்கப்படுவது என்னவென்று அப்போதாவது தெரிந்திருக்கும் என்று எங்கள் தோட்டத்தில் பேசிக்கொண்டார்களாம். எனக்கு அந்தச் சந்தோசத்தில் பங்கில்லை. 1988 ஜனாதிபதித் தேர்தலிலும் தோற்றார்.

அவர் சேர்த்த வாகனங்கள் அவருக்குப் பிறகும் ஓடின. சலடின்களை 1980களில் யாழ்ப்பாண வீதிகளில் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு பவள் வந்தது. அணிசேரா மாநாடுகள் ஒவ்வொரு முறையும் கண்டித்த நிறவெறித் தென்னாபிரிக்காவின் தயாரிப்பு அது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய என் பெரியம்மாவை நான் முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, வவுனியாவைத் தாண்டிய பாதையோரத்தில் ஒரு பவள் நின்றது. அதன் நிழலில் ஒரு சிப்பாய் சோற்றுப்பார்சல் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியம்மா 2009இல் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். கோச்சிக்குப் பயந்து வடக்கே வந்தோம் என்று மட்டும் சொன்னார்.

1994இல் மகள் சந்திரிகா ஆட்சிக்கு வந்ததும் சிறிமா மூன்றாம் முறை பிரதமரானார். அதிகாரமில்லாத பதவி. ரத்வத்தைக் குடும்பத்து அனுருத்த ரத்வத்தைதான் அந்தக் காலத்தில் போரை நடத்தினார். 2000 ஓகஸ்டில் சிறிமா பதவி விலகினார். ஒக்டோபர் 10, பொதுத்தேர்தல் நாள். வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில், கடவத்தையில், மாரடைப்பு வந்து இறந்தார்.

அன்று எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலும் வாக்கெடுப்பு. 1988 சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்திருந்த அம்மாயி காலையிலேயே போய்வந்திருந்தார். சின்ன விரலில் மை காயவில்லை. வானொலியில் செய்தி சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. பிறகு களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் கறிவேப்பிலைக்கு ஊற்றச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.