மாதச் சம்பளத்தை விட்ட டி.வி.எஸ்.

முதல் தேதியானால் சம்பளம் தரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, லாப நஷ்டம் தெரியாத தொழிலில் இறங்கக் குடும்பஸ்தருக்கு எளிதில் மனம் வராது. டி.வி. சுந்தரம் அய்யங்காருக்கு வந்தது.

1877-ல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். முதலில் வக்கீல். பிறகு ரயில்வேயிலும் பாங்கிலும் உத்தியோகம். அதையும் விட்டு, 1911-ல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். அப்போது ஊருக்கு ஊர் மாட்டுவண்டிதான். மோட்டாரை நம்பி ஜனங்கள் ஏற வேண்டுமே! பஸ் குறித்த நேரத்தில் கிளம்பி, குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். நம்பிக்கை வளர்ந்தது, மதுரையில் தொழிலும் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரிவாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தார். 1955-ல் காலமானார். ஒரு உத்தியோகத்தை விட்டவரின் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு உத்தியோகம் கிடைத்தது.