நிலவுக் கதையும் அம்மாவின் வழக்கும்



2023 ஆகஸ்ட் 23 மாலை உங்களில் பலர் என்னைப் போலவே டிவி முன் உட்கார்ந்திருப்பீர்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்பதில் காடாம்புலியூர்க்காரர்களான நமக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை. அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே நிலவுப் பயணத்தைக் கதையாக எழுதி, அந்தக் கதையே தன் தாய்க்கு வினையாகிவிட்டதோ என்று கடைசிவரை வருந்தியவர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் மூன்று விதிகளாக மட்டும் நாம் மனப்பாடம் செய்த ஜோகன்னஸ் கெப்ளர்தான் அவர். நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன். விதிகளை விட்டுவிட்டு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

1571-இல் ஜெர்மனியில் பிறந்தார். அப்பா கூலிக்குப் போருக்குப் போகும் சிப்பாய். ஒருமுறை போனவர் திரும்பவே இல்லை. சிறுவயதில் அம்மை வந்து கெப்ளரின் கண்பார்வை மங்கியது. 1577-இல் வால்நட்சத்திரம் தோன்றியபோது அவரை மேட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டியவர் அம்மா கத்தரினா. பச்சிலை வைத்தியம் தெரிந்தவர் அவர்.

கெப்ளர் வளர்ந்து பிராகா நகரில் பேரரசரின் கணித அறிஞரானார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609-இல் உலகுக்குச் சொன்னார். அந்தக் காலத்தில்தான் 'சோம்னியம்', அதாவது 'கனவு' என்ற கதையையும் எழுதினார்.

கதையில் ஐஸ்லாந்துப் பையன் ஒருவன். அவன் அம்மா மூலிகைப் பை விற்பவள், ஆவிகளோடு பேசுபவள். அவள் அழைத்ததும் ஓர் ஆவி வந்து நிலவுக்குப் போகும் வழியைச் சொல்கிறது. கிரகணத்தின்போது விழும் நிழல்தான் பாதை. பயணம் நான்கே மணி நேரம். கிளம்பும்போது வெடிமருந்தால் தூக்கி எறிந்தது போன்ற அதிர்ச்சி இருக்குமாம், அதனால் பயணிக்கு மயக்க மருந்து. மேலே காற்று இல்லாததால் மூக்கில் ஈரப் பஞ்சு. குண்டானவர்களுக்கு அனுமதி இல்லை (என்னைச் சேர்க்க மாட்டார்கள்). வற்றிய உடம்புக் கிழவிகளே ஏற்றவர்களாம். நிலவில் பகல் நம் கணக்கில் அரை மாதம், இரவும் அரை மாதம். சந்திரயானின் லேண்டர் ஒரு நிலவுப் பகல் மட்டும் வேலை செய்துவிட்டு அடங்கியது நினைவிருக்கிறதா?

கையெழுத்துப் பிரதி ஒன்று 1611-இல் கைமாறி வெளியே போனது. முடிதிருத்தும் கடைகள் வரை பேச்சுக் கிளம்பியது, தன் வீட்டின் மேல் சந்தேகம் விழுந்தது என்று கெப்ளர் பின்னாளில் நம்பினார். 1615-இல் லியோன்பெர்க் ஊரில் கத்தரினாவோடு சண்டை போட்டிருந்த ஒரு பெண், அவர் கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் நோயாளியானேன் என்றார். அது சூனிய வழக்காக வளர்ந்தது. 1620 ஆகஸ்டில், எழுபதைத் தாண்டிய அந்த அம்மாளைக் கைது செய்து சங்கிலியில் கட்டினார்கள். பதினான்கு மாதச் சிறை. கெப்ளர் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு சாட்சியையும் பிரித்து மேய்ந்து, நூறு பக்கங்களுக்கு மேல் எதிர்வாதம் தயாரித்தார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியும் கத்தரினா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 1621 அக்டோபரில் விட்டுவிட்டார்கள். ஆறே மாதத்தில் இறந்துபோனார்.

கெப்ளர் கதையைக் கிழித்துப் போடவில்லை. அம்மா பாத்திரத்தையும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, எது வானியல், எது விளையாட்டு என்று விளக்கி 223 குறிப்புகளைச் சேர்த்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

இதற்கிடையில் அரசு அவருக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கி ஏறத்தாழ 12,000 குல்டன் ஆகியிருந்தது. இன்றைய பாஷையில் வாராக்கடன். 1630-இல், 58 வயதில், வர வேண்டிய பணத்தைக் கேட்கக் குளிரில் குதிரையேறி ரீகன்ஸ்பர்க் போனார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். பின்னர் நடந்த போரில் கல்லறையும் அழிந்துபோனது.

அச்சுக்குப் போயிருந்த 'கனவு' பாதியில் நின்றது. அதை முடிக்க முன்வந்த மருமகனும் இறந்துவிட்டார். பிள்ளைகளோடு வறுமையில் இருந்த சிற்றன்னைக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்று மகன் லுட்விக் 1634-இல் அதை வெளியிட்டார்.