சேமக்கலம் செய்த எடிசன்

மின்விளக்கைக் காணுந்தோறும் எடிசனை நினைப்பது உலக வழக்கு. ஒலியைப் பதிந்து வைத்துத் திரும்ப இசைக்கும் பொறியைக் கூறி அவரைப் புகழ்வாரும் பலர். ஆயினும், அவர்தம் வாழ்வில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைத் தனக்கென்றே எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டும் அன்று. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கலமே அது. பாட்டரி என்று மக்கள் வழங்கும் அதனை மின்சேமக்கலம் என்று கூறுவர். அரும்பாடுபட்டுச் செய்து விற்பனைக்கு விடுத்த அச்சேமக்கலத்தை, அதன்கண் குறை உண்டென்று அறிந்ததும் எடிசன் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் வரலாற்றில் மாணவர் சிறப்பாகக் கருதத்தக்க பகுதி இதுவாகும்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 11ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓகையோ மாநிலத்தைச் சார்ந்த மிலான் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் எழுவருள் இவரே இளையவர். இவர் ஏழு வயதுச் சிறுவராய் இருந்தபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹூரான் நகரிற் குடியேறியது. அங்கே இவர் பள்ளியிற் பயின்றது சில திங்களே. முன்னர் ஆசிரியைப் பணி புரிந்திருந்த அன்னையாரே வீட்டில் இவர்க்குக் கல்வி புகட்டினார். அன்னையார் மூட்டிய அறிவு வேட்கை இறுதிவரை இவரை விட்டு நீங்கவில்லை.

பன்னிரண்டு வயதில் எடிசன் போர்ட் ஹூரானுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய புகைவண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றுப் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை நூல்களுக்கும் வேதியியற் பொருள்களுக்கும் செலவிட்டார். வண்டியில் மூட்டை முடிச்சுகள் வைக்கும் பெட்டியின் ஒரு மூலையே அவர்க்கு ஆய்வுக்கூடமாயிற்று. 1862ஆம் ஆண்டில் ஒருநாள், நிலையத் தலைவரின் சிறு குழந்தை இருப்புப் பாதையில் விளையாடிக்கொண்டிருக்க, சரக்கு வண்டியொன்று அதனை நோக்கி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைக் காத்தார். நன்றி மறவாத அத்தந்தை, கைம்மாறாக அவர்க்குத் தந்தி அடிக்கும் தொழிலைக் கற்பித்தார்.

தந்தித் தொழிலே எடிசனை மின்சாரத்தின்பால் ஈர்த்தது. அக்காலத்துத் தந்திக் கருவிகள் யாவும் மின்கலங்களால் இயங்கின. இரவில் பணியாற்றுவதும், எஞ்சிய நேரத்தில் ஆராய்வதுமாக ஊர் ஊராகச் சென்று எடிசன் உழைத்தார். லூயிவில் நகரில் இருந்தபோது, ஆய்வுக்காக மின்கல அறையினின்று கந்தக அமிலம் எடுக்கப் புக்கவர், ஒருநாள் இரவு பெருங்கலம் ஒன்றைக் கவிழ்த்துவிட்டார். அமிலம் தரையின் வழியே கீழ்த்தளத்திற்கு ஒழுகி, மேலாளரின் மேசையையும் கம்பளத்தையும் அரித்துவிட்டது. மறுநாளே எடிசன் வேலையை இழந்தார். அமிலத்தின் அரிக்கும் இயல்பை அவர் இளமையிலேயே இவ்வாறு பட்டறிந்தார்.

1869ஆம் ஆண்டில் அவர் தம் முதற் புதுமைக்கு உரிமைச் சான்று பெற்றார். சட்டமன்றங்களில் உறுப்பினரின் வாக்குகளை மின்சாரத்தால் விரைவிற் பதிவு செய்யும் கருவி அது. கருவி செவ்வனே இயங்கிற்று. ஆயின், வாக்கெடுப்பு விரைவில் முடிவதை உறுப்பினர் விரும்பவில்லை. ஆகவே அதனை வாங்குவார் இல்லை. மக்கள் வேண்டாத பொருளைச் செய்தல் வீண் என்பதை எடிசன் அன்று கற்றார். மக்கள் வேண்டும் பொருளாயினும் அது நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்னும் மற்றொரு பாடத்தைக் கற்பதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் புகழ் வானளாவ உயர்ந்தது. 1876இல் மென்லோ பார்க்கு என்னும் இடத்தில் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1877இல் ஒலிப்பதிவுப் பொறியையும், 1879இல் நெடுநேரம் நின்றெரியும் மின்விளக்கையும் அமைத்தார். 1882இல் நியூயார்க்கு நகரத்துப் பேர்ல் தெருவில் மின்சார நிலையம் அமைத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒளி வழங்கினார். 1887இல் வெஸ்டு ஆரஞ்சு என்னும் ஊரில் முன்னையதினும் பெரியதோர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். பின்னர், இரும்புத் தாதுவைக் காந்தத்தாற் பிரித்தெடுக்கும் தொழிலில் இறங்கித் தம் செல்வத்திற் பெரும்பகுதியை இழந்தார். இழப்பை எண்ணி அவர் சோர்ந்திருக்கவில்லை; வேறொரு முயற்சியை மேற்கொண்டார். அதுவே மின்சேமக்கலம்.

குதிரை வண்டிகள் மறைந்து, தாமே இயங்கும் வண்டிகள் அமெரிக்கத் தெருக்களில் தோன்றத் தொடங்கிய காலம் அது. 1900ஆம் ஆண்டில் அந்நாட்டிற் செய்யப்பெற்ற தானியங்கு வண்டிகள் 4,192. அவற்றுள் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும், 936 பெட்ரோலாலும் இயங்கின. பெட்ரோல் வண்டியே மூன்றனுள் கடைசியாய் நின்றது என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும். மின்சார வண்டியில் புகையில்லை, இரைச்சல் இல்லை, முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றி முடுக்கும் தொல்லையும் இல்லை. ஆயினும், அதன் உயிர்நிலையாகிய சேமக்கலம் நன்றாய் அமையவில்லை.

அந்நாளில் வழங்கிய சேமக்கலம், பிரான்சு நாட்டு அறிஞர் பிளாந்தே 1859இல் கண்டறிந்த முறையில் அமைந்தது. கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கும். மின்சாரத்தைச் செலுத்தினால் தகடுகள் வேதியியல் மாற்றம் பெறும். அம்மாற்றம் மீளும்போது மின்சாரம் வெளிப்படும். இம்முறை எளியது, விலையும் குறைந்தது. ஆயின் ஈயமோ மிகுந்த எடையுடையது. அமிலமோ அரிக்கும் இயல்பினது. வண்டியின் குலுக்கத்தால் தகடுகளிலுள்ள பொருள் உதிர்ந்துவிடும். அமிலத்தையும் ஈயத்தையும் விட்டு, எடை குறைந்து நெடுங்காலம் உழைக்கும் சேமக்கலம் ஒன்றைச் செய்தல் வேண்டும் என்று எடிசன் உறுதி பூண்டார்.

அமிலத்திற்கு மாறாகக் காரக் கரைசலை அவர் தேர்ந்தார். அதனுள் எவ்வெவ் உலோகங்களை வைத்தால் பயன் விளையும் என்பதை அறியத் தம் உதவியாளருடன் ஆயிரக்கணக்கான சோதனைகள் நடத்தினார். இவ்வளவு உழைத்தும் பயன் ஒன்றும் கிட்டவில்லையே என்று நண்பர் ஒருவர் வருந்தியபோது, பயன்படாதவை இவையெனப் பல்லாயிரம் செய்திகளைத் தாம் அறிந்துகொண்டதாக எடிசன் விடையிறுத்தார். இந்நிகழ்ச்சியை மின்விளக்கோடு சார்த்திக் கூறுவோர் உளர். இது சேமக்கல ஆய்வின்போது நிகழ்ந்ததேயாகும். முடிவில் ஒருபுறம் நிக்கலும் மறுபுறம் இரும்பும் கொண்ட கலம் உருவாயிற்று. சுவீடன் நாட்டு யூங்னர் என்பாரும் அதே காலத்தில் இத்தகைய காரக் கலங்களை ஆய்ந்து வெற்றி கண்டார்.

1901ஆம் ஆண்டில் எடிசன் சேமக்கலத் தொழிற்கழகம் ஒன்றை நிறுவினார். புதிய கலத்தின் பெருமையைச் செய்தித்தாள்கள் முன்கூட்டியே பறை சாற்றின. எடிசனும் அதனைப் பற்றிப் பெருநம்பிக்கையுடன் பேசியிருந்தார். கலங்கள் விற்பனைக்கு வந்ததும் மின்சார வண்டிக்காரர் அவற்றை விரும்பி வாங்கினர். எடிசன் பெயரே அவற்றிற்கு நற்சான்றாயிற்று.

நெடுநாள் ஆகுமுன்னரே குறைகள் தலைகாட்டின. பற்றவைத்த பொருத்துகளின் வழியே சில கலங்கள் கசிந்தன. வேறு சில, நாளடைவில் தம் ஆற்றலை இழந்தன. நிக்கற் சேர்மம் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் அதனோடு கரியின் வகையாகிய கிராபைட்டைக் கலந்திருந்தனர். அக்கிராபைட்டு நாளடைவிற் கெட்டது. மின்சாரம் செல்லும் வழி அடைபட்டது. எல்லாக் கலங்களும் பழுதுபடவில்லை. பல நன்றாகவே உழைத்தன. எது கெடும், எது நிலைக்கும் என்பதை மட்டும் முன்னரே கூற இயலவில்லை.

இந்நிலையில் எடிசன்முன் இரண்டு வழிகள் இருந்தன. விற்பனையைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே குறைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துவது ஒரு வழி. தாதுத் தொழிலிற் பெரும்பொருள் இழந்தவர்க்கு அவ்வருவாய் மிகவும் வேண்டியதே. உற்பத்தியை அடியோடு நிறுத்துவது மற்றொரு வழி. அதனால் பொருளும் போகும். உலகறியக் கூறிய சொல்லும் பொய்த்ததாகும். எடிசன் இரண்டாவதையே மேற்கொண்டார். 1904ஆம் ஆண்டில் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திற்று. பழுதுபட்ட கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வாங்கியோர்க்கு உரிய பணத்தை எடிசன் மீட்டளித்தார். தம் பெயரை நம்பி வாங்கியவன் நட்டமடைதல் கூடாது என்பதே அவர் கொண்ட நெறி.

நிறுத்தியதோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. மீண்டும் ஐந்து ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். கெட்டுப்போகும் கிராபைட்டிற்கு மாற்றாக, மிக நுண்ணிய நிக்கற் செதில்களைச் செய்யும் வழி கண்டார். செம்பும் நிக்கலும் மாறி மாறி மெல்லிய பூச்சுகளாகப் படியுமாறு செய்து, பின்னர்ச் செம்பைக் கரைத்து நீக்கினால், காற்றிற் பறக்கும் நிக்கற் செதில்கள் எஞ்சும். துளைகளுடைய உருக்குக் குழல்களில் நிக்கற் சேர்மத்தையும் இச்செதில்களையும் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக இட்டு இறுக்கினர். காரக் கரைசலிற் சிறிதளவு லித்தியச் சேர்மம் கூட்டினால் கலத்தின் ஆற்றலும் வாழ்நாளும் பெருகும் என்பதையும் எடிசன் கண்டறிந்தார். கலங்களை மேல்மாடியினின்று கீழே எறிந்தும், பல இலட்சம் முறை குலுக்கியும் சோதித்தனர். அதன் பின்னரே, 1909ஆம் ஆண்டில், புதிய கலத்தை விற்பனைக்கு விடுத்தார்.

இம்முறை அவர் சொல் பொய்க்கவில்லை. 1911 முதல் டெட்ராய்ட் எலக்டிரிக் என்னும் மின்சார வண்டி இருவகைச் சேமக்கலங்களோடும் கிடைத்தது. விலை குறைந்தது வேண்டுவோர் ஈயக் கலத்தையும், மிகுதியாகப் பணம் கொடுக்க வல்லார் எடிசன் கலத்தையும் பெற்றனர். எடிசன் கலம் குளிரில் ஆற்றல் குன்றுவது, விலையும் உயர்ந்தது. ஆனால் பல ஆண்டுகள் கெடாமல் உழைக்கும் வன்மையில் அதற்கு ஈடு இல்லை.

எனினும் காலம் அவர்க்காகக் காத்திருக்கவில்லை. 1896ஆம் ஆண்டில் எடிசன், தம் பெயர் தாங்கிய மின்விளக்குக் குழுமத்தில் பணியாற்றிய இளைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்துவந்த பெட்ரோல் வண்டியைப் பாராட்டி ஊக்கியிருந்தார். அவ்விளைஞரே ஹென்றி போர்டு. 1908இல் போர்டு தம் புகழ்பெற்ற மலிவான வண்டியை வெளியிட்டார். 1912இல் மின்சார முடுக்கி வந்தபின், கைப்பிடி சுழற்றும் தொல்லையும் பெட்ரோல் வண்டியை விட்டு நீங்கிற்று. மின்சார வண்டிகள் மெல்ல மெல்லத் தெருக்களினின்று மறைந்தன. எடிசனும் போர்டும் கூடி மலிவான மின்சார வண்டி செய்ய 1914ஆம் ஆண்டளவில் முயன்றும் அது கைகூடவில்லை.

எந்த வண்டிக்காகச் செய்தாரோ அவ்வண்டி மறைந்தும் எடிசன் கலம் மறையவில்லை. இருப்புப் பாதை அடையாளக் கம்பங்களிலும், புகைவண்டி விளக்குகளிலும், சுரங்கத் தொழிலாளர் தலையில் அணியும் விளக்குகளிலும் அது பல்லாண்டு பயன்பட்டது. நிலத்தின் அடியில் இருளில் உழைப்போன் தன் விளக்கு அணையாது என்று நம்பியன்றோ சுரங்கத்துள் இறங்குகிறான்! அந்நம்பிக்கைக்கு உரியதாய் அக்கலம் விளங்கிற்று. எடிசனுக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்த பொருள்களுள் ஒன்றாகவும் அது அமைந்தது.

1,093 உரிமைச் சான்றுகளைத் தம் நாட்டில் பெற்ற எடிசன், 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில் வெஸ்டு ஆரஞ்சில் மறைந்தார். இன்று மின்சார வண்டி மீண்டும் உலகெங்கும் ஓடுகின்றது. அவர் சிறிதளவே கூட்டிய லித்தியம், இற்றைநாட் சேமக்கலங்களில் முதன்மை பெற்றுத் திகழ்கின்றது. 2013ஆம் ஆண்டில் டெஸ்லா என்னும் மின்சார வண்டி நிறுவனம், தன் வண்டி ஒன்றின் மிகச் சிறிய, விலை குறைந்த சேமக்கலத்தை வாங்குவோர் மிகச் சிலரே எனக் கூறி அதனைக் கைவிட்டது. வாங்குவார் குறைந்தபோது பொருளை நிறுத்துதல் வணிகர்க்கு இயல்பு. வாங்குவார் இருக்கும்போதே, குறையுடைய பொருளை விற்கலாகாது என நிறுத்துதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்து, பின்னர்க் குறையையும் நீக்கிக் காட்டிய எடிசனின் நேர்மை, அவர் ஏற்றிய விளக்கைப் போன்றே என்றும் ஒளி வீசுவதாகும்.