வண்டிப் படியில் கிடைத்த விடை

ரிவ்யூக்கு முந்தின நாள் ராத்திரிதான் ப்ராஜெக்டைத் திறக்கிற ஆளா நீங்க? அப்போ ஆன்ரி புவான்கரேயின் கதை உங்களுக்குத்தான்.

1854-ல் பிரான்ஸின் நான்சி நகரில் பிறந்தவர். நம்மள மாதிரி எஞ்சினியரிங் படிச்சு, கொஞ்ச காலம் சுரங்கப் பொறியாளராக இருந்தார். பிறகு நார்மண்டியில் உள்ள கான் நகரில் கணிதம் கற்பித்தார்.

1880-ல் ஒரு வகைச் சார்புகள் இருக்கவே முடியாது என்று நிரூபிக்க 15 நாள் போராடினார். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒண்ணும் நகரலை. ஒரு நாள் மாலை கடுங்காபி குடித்ததில் தூக்கம் போச்சு. விடிவதற்குள், அந்தச் சார்புகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டார்!

அப்புறம் நிலவியல் பயணம் கிளம்பினார். கணக்கே மறந்துபோச்சு. கூத்தான்ஸ் ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் ஒன்று பளிச்சிட்டது: தான் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிட் அல்லாத வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே. கான் திரும்பியதும் நிதானமாகச் சரிபார்த்தார்.

1908-ல் பாரிஸில் உளவியலாளர்கள் முன் இதை விவரித்தார். 1912-ல் காலமானார். 1926-ல் கிரகாம் வாலஸ், இவருடைய அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு, படைப்புச் சிந்தனையை நாலு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறவிடுதல், பளிச்சிடல், சரிபார்த்தல்.

நாம மூணாவது கட்டத்துக்கு மட்டும் காத்திருக்கோம். புவான்கரேவுக்கு அதுக்கு முன்னாடி 15 நாள் தோல்வி இருந்தது. முந்தின நாள் ஆரம்பிச்சா, ஊறவிட நேரம் ஏது? இன்னைக்கே ஆரம்பிங்க, மாட்டிக்கிட்டா, தைரியமா எழுந்து ஒரு நடை போய்ட்டு வாங்க.