கிரீன்லாந்தின் வடக்கில் கடை போட்ட க்னுட் ராஸ்முசென்: யார் இவர்?

கிரீன்லாந்து யாருக்குச் சொந்தம்? டிரம்ப் புண்ணியத்தில் இந்தக் கேள்வி இப்போ எல்லோருக்கும் பரிச்சயம். ஆனா அந்தத் தீவின் வடமேற்கு மூலை டென்மார்க் பக்கம் வந்த கதை ஒரு கடையில் தொடங்குது.

கடைக்காரர் க்னுட் ராஸ்முசென். 1879ல் கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் பிறந்தவர். அப்பா டென்மார்க் பாதிரியார், அம்மா வழியில் இனுயிட் ரத்தம். கிரீன்லாந்து மொழியும் நாய் வண்டியும் சின்ன வயசிலேயே அத்துப்படி.

அப்போது வடமேற்கு மூலைக்கு டென்மார்க் ஆட்சி எட்டவில்லை. அங்கே வந்து போனவர் அமெரிக்கர் ராபர்ட் பியரி. துப்பாக்கி கொடுத்து தோல் வாங்குவார். இனுயிட் மக்கள் கத்தி செய்ய இரும்பு எடுத்துவந்த விண்கற்களில் பெரியதை, 30 டன்னுக்கும் மேல், 1897ல் கப்பலில் ஏற்றிட்டுப் போனதும் அவர்தான்! 1909க்குப் பிறகு அவர் வரவில்லை. தோட்டா இல்லாம வேட்டைக்காரங்க என்ன செய்வாங்க?

அரசு கடை போட முன்வராததால், 1910ல் ராஸ்முசெனும் நண்பர் பீட்டர் ஃப்ராய்கனும் தனியார் பணத்தில் திறந்தார்கள். பெயர் துலே. நரித்தோல் வாங்கி, துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற லாபத்தில் பல ஆய்வுப் பயணங்கள். 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாவது பயணத்தில் நாய் வண்டியிலேயே அலாஸ்கா வரை போனார். 1920களில் வேட்டைக்காரர் சபை, சட்டங்கள் எல்லாம் வந்துடுச்சு. கடைன்னு பேரு, நடந்தது அரசாங்கம்.

இதற்கிடையே 1916ல் டென்மார்க் தன் கரீபியன் தீவுகளை அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. கூடவே, கிரீன்லாந்து முழுவதும் டென்மார்க் விரிவடைவதை எதிர்க்க மாட்டோம்னு அமெரிக்கா எழுதிக்கொடுத்தது. பியரிக்கு இதில் உடன்பாடே இல்லை.

1931ல் கிழக்குக் கரையின் ஒரு பகுதியை நார்வே உரிமை கோரியது. 1933 ஏப்ரலில் ஹேக் சர்வதேச நீதிமன்றம் டென்மார்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆளே இல்லாத பனிநிலத்தில் கொஞ்சம் ஆட்சி நடத்தியிருந்தாலும் உரிமைக்குப் போதும் என்பது நீதிபதிகளின் கணக்கு. அந்த டிசம்பரில் ராஸ்முசென் 54 வயதில் இறந்தார். 1937ல் கடை அரசு வசமானது.

1951ல் கடைக்குப் பக்கத்திலேயே அமெரிக்கா விமானத் தளம் கட்டத் தொடங்கியது. இன்றைய பிடுஃபிக் தளம் அதுதான். 1953ல் அங்கிருந்த குடும்பங்களை, சில நாள் அவகாசத்தில், 100 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கானாக்குக்கு அனுப்பியது டென்மார்க். அதற்கு மன்னிப்புக் கேட்டது 1999ல்.