ஆகாயப் பள்ளியின் முதல் மாணவர்

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வந்து, அங்கிருந்து அரக்கோணம் போனால் கடற்படையின் ராஜாளி விமான தளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்கும் பள்ளி அங்கே நடக்கிறது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் இன்னொரு பள்ளி. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே தயார் செய்யும் விமானப் படைப் பள்ளி அது.

இன்று நம்மவர்களிடமே நம் பிள்ளைகள் இந்த வித்தையைக் கற்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தியனுக்குப் போர் விமானம் ஓட்ட வருமா என்றே வெள்ளைக்காரர்கள் சந்தேகித்தார்கள்! அந்தச் சந்தேகத்தைத் துடைத்தவர்களில் முன்னணியில் நின்றவர் சுப்ரதோ முகர்ஜி.

கல்கத்தாவில் 1911 மார்ச் 5-ஆம் தேதி பிறந்தார். தந்தை ஐ.சி.எஸ். அதிகாரி. மாமன் முறையான இந்திரலால் ராய், முதல் உலகப் போரில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தி, 1918-ல் பிரான்சில் 19 வயதிலேயே உயிர் நீத்தவர். அந்த வீரக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆகாயத்தின்மேல் ஆசை பிறந்ததில் வியப்பு என்ன?

1930-ல் சீமைக்குப் போய்க் கிரான்வெல் விமானக் கல்லூரியில் சேர்ந்தார். 1932 அக்டோபர் 8-ஆம் தேதி இந்திய விமானப் படை பிறந்தது. 1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சியில் முதல் அணி தொடங்கியது. படை என்றால் என்ன படை? வாபிட்டி என்னும் பழைய இரட்டை இறக்கை விமானங்கள் நாலு. இந்திய விமானிகள் ஐந்து பேர். சிப்பாய்கள் 19 பேர். அவ்வளவுதான்!

பேருக்குத்தான் அது படை. உண்மையில் அது ஒரு பள்ளிக்கூடம். குழித்தறியில் இறங்கி உட்காராதவனுக்கு நெசவு வராது அல்லவா? அப்படித்தான் இதுவும். விமானி ஓட்டிப் பழகினார்; சிப்பாய் இயந்திரத்தைக் கழற்றி மாட்டிப் பழகினார். ஆனால் இங்கே நூல் அறுந்தால் முடிந்துகொள்ள முடியாது. அந்த ஆண்டிலேயே ஐவரில் இருவர் விபத்தில் மாண்டார்கள். இந்தியர்களால் முடியாது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது போதுமே! முகர்ஜி மனம் தளரவில்லை. மறுபடியும் விமானத்தில் ஏறினார்.

வடமேற்கு எல்லையில் ஒரு நாள் காவல் அரண் ஒன்றை எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்த சிப்பாய்களிடம் தோட்டா தீரும் நிலை. மேலே பறந்துகொண்டிருந்த முகர்ஜி அதை அறிந்தார். தம் விமானத்துத் துப்பாக்கியின் தோட்டாக்களையே கழற்றச் செய்து, காலுறைகளில் கட்டிக் கீழே போட்டார். புத்தகத்தில் இல்லாத பாடம் அது!

1939-ல் முதல் அணிக்குத் தலைவரானார். விமான அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1943-ல் கோஹாட் விமான தளத்தின் பொறுப்பும் கிடைத்தது. நாடு சுதந்திரம் பெற்றபின், 1954 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய விமானப் படைக்கே தளபதியானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர்! 1948-ல் அம்பாலாவில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தாம்பரத்துக்கு வந்ததும் அந்த 1954-ல்தான். அவர் காலத்தில் ஹண்டர், கான்பெரா, நாட் போன்ற ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. நாலு வாபிட்டியில் தொடங்கியவர் கண்ணெதிரே படை வளர்ந்து நின்றது.

முடிவுதான் பரிதாபம். 1960 நவம்பர் 8-ஆம் தேதி டோக்கியோவில் நண்பருடன் உணவருந்தும்போது, உணவு மூச்சுக்குழலில் சிக்கி உயிர் பிரிந்தது. வயது 49. எத்தனையோ ஆபத்துகளை ஆகாயத்தில் கடந்தவரை ஒரு கவளம் சோறு வென்றுவிட்டது!

அவர் மறைந்தாலும் பாடம் நிற்கவில்லை. மாணவன் ஆசிரியனாகிறான், ஆசிரியன் இன்னொரு மாணவனை உருவாக்குகிறான். தலைக்கு மேலே விமான ஓசை கேட்டால் சற்று அண்ணாந்து பாருங்கள். அதை ஓட்டும் இளைஞனின் குருவுக்குக் குருவைத் தேடிப் போனால், கராச்சியில் நாலு விமானங்களோடு நின்ற அந்த ஐவரில் போய் முடியும்.