கண்ணுக்குள்ளே ஊசி, அதுவும் மாதாமாதம்: யார் இந்த 'டாக்டர் வி'?

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப்போன ஒரு காபித் தோட்டத் தொழிலாளியிடம், மாதம் ஒரு ஊசி போடணும் என்று டாக்டர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். ஊசியின் விலை ஒரு பக்கம். பஸ் செலவு, போன கூலி, துணைக்கு வருபவரின் கூலி இன்னொரு பக்கம். ரெண்டு மாதம் வருவார். மூணாவது மாதம்?

இந்தக் கணக்கையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் டாக்டர் ஜி.வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். எல்லோருக்கும் 'டாக்டர் வி'.

யார் இவர்?

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1-ல் பிறந்தார். ஆற்று மணலில் எழுதிப் படித்த பிள்ளை. சொந்தத்தில் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக நினைத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பணி. அங்கேதான் முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிட்டன.

பிரசவம் பார்க்க அந்தக் கைகள் ஒத்துழைக்காது. கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த விரலில் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். 1973-ல் பத்மஸ்ரீ.

அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு. மற்றவர்கள் ஈஸி சேர் தேடும் வயது அது. இவர் 1976-ல் மதுரையில் தம்பி, தங்கைகள் குடும்பத்தோடு 11 படுக்கைகளில் மருத்துவமனை தொடங்கினார். பணம் இருப்பவர் கட்டணம் தருவார், இல்லாதவருக்கு இலவசம்.

ஆனா இலவசம்னு சொன்னாலே ஜனங்கள் வந்துவிடுவதில்லை. கிராமத்தில் முகாம் போட்டு, பஸ்ஸில் அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, திரும்பவும் ஊரில் விட்டால்தான் வருவார்கள். அரவிந்த் அதைச் செய்தது.

அடுத்த தடை லென்ஸ். கண்புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, சுமார் 100 டாலர். ஏழைகளுக்குக் கிடைத்தது சோடா பாட்டில் கண்ணாடிதான். 1992-ல் அரவிந்தின் 'ஆரோலேப்' மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கி, விலையை 10 டாலர் அளவுக்கு இறக்கியது.

சரி, ஊசி கதைக்கு வருவோம்

கண்புரை கண்ணின் முன்பக்கப் பிரச்சினை. ஒரே ஆபரேஷனில் தீரும். விழித்திரை இருப்பதோ பின்பக்கம். சொட்டு மருந்து விட்டால் பெரும்பகுதியைக் கண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். மாத்திரை போட்டாலும், ரத்தத்தில் இருந்து விழித்திரைக்கு மருந்து எளிதில் போகாதபடி இயற்கையே வேலி போட்டிருக்கிறது. அதனால்தான் நேராகக் கண்ணுக்குள் ஊசி. அதன் வேலையும் சில வாரங்கள்தான்.

இதற்கான 'லூசென்டிஸ்' ஊசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2006 ஜூன் 30-ல். டாக்டர் வி மறைந்தது ஜூலை 7. ஒரே வார இடைவெளி!

விலையைச் சமாளிக்க, புற்றுநோய் மருந்தான 'அவாஸ்டின்' குப்பியைச் சின்னச் சின்ன டோஸாகப் பிரித்துப் போடும் வழி உலகமெங்கும் பரவியது. விலை குறைந்தது. அலைச்சல் குறையவில்லை.

அதற்குத்தான் நீண்டகால மருந்து. அரிசி மணியை விடச் சிறிய ஒரு குச்சியைக் கண்ணுக்குள் வைத்தால், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஸ்டீராய்டைத் தரும். 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஓசர்டெக்ஸ்' இப்படிப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து நிரப்பும் 'சஸ்விமோ' என்ற குட்டித் தொட்டிக்கு 2021-ல் அனுமதி கிடைத்தது. மூடி போன்ற பகுதியில் கோளாறு வந்ததால் 2022-ல் திரும்பப் பெறப்பட்டு, 2024-ல் மறுபடி வந்தது.

ஸ்டீராய்டு குச்சியில் ஒரு சிக்கல் உண்டு. கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். கண்புரை வந்தால் அதற்கு ஆபரேஷன் செய்து, டாக்டர் வி காலத்தில் விலை குறைந்த அதே மாதிரி லென்ஸைத்தான் வைக்கவேண்டி வரும்.